மூக்கையாவுக்கு அடித்த சாவுமணி

என் அக்காள் றோசம்மாவின் புருஷன் சந்தியாகு வாயைத் திறந்து "ஆமா, இவன்தான்" என்று இரண்டே வார்த்தை சொல்லியிருந்தால், ஒரு மனிதன் தன் வீட்டில், தன் பெண்டாட்டியோடு, தான் பிறந்த தோட்டத்திலேயே வாழ்ந்திருப்பான். சொல்லவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அவரைத் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். திட்டத்தான் செய்கிறேன். ஆனால் அவரைப் போல ஒரு நல்ல மனிதரைக் கண்டி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. அதுதான் எரிச்சலே.

சந்தியாகு மச்சான், கண்டி டவுன் முடிந்து ஹந்தானை மலைத் தேயிலை தொடங்குகிற இடத்தில் இருந்த சின்ன மாதா கோயிலுக்குக் கோயில்பிள்ளை. மணியடிப்பது, மெழுகுவர்த்தி கொளுத்துவது, ஞாயிற்றுக்கிழமை சாமியார் வரும்போது பூசைக்கு எல்லாம் எடுத்துவைப்பது அவர் வேலை. யாராவது செத்தால் சாவுமணி அடித்து, கூடுகிறவர்களுக்கு இன்னார் என்று பேர் சொல்லிச் செபம் தொடங்குவதும் அவர்தான். கோயிலுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. என் புருஷன் செத்தபிறகு நானும் அங்கே வந்து ஒட்டிக்கொண்டேன். காலையில் ஆப்பம் சுட்டு, ரோட்டில் போகிறவர்களுக்கு விற்பேன்.

ஆள் ஒல்லி. குரல் என்று ஒன்று இருக்கிறதா என்பதையே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கதவைப் பூட்டிவிட்டுப் போவார், பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மாவு புளித்துவிட்டதா மச்சான் என்று கேட்டால், முகர்ந்து பார்த்து, யோசித்து, "புளிச்ச மாதிரிதான் இருக்கு லூர்து, நிச்சயமாச் சொல்ல முடியல" என்பார். நிச்சயமாகத் தெரியாத ஒன்றை அவர் வாயிலிருந்து பிடுங்கவே முடியாது. பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று சின்ன வயதில் யாரோ சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டிருந்த மனிதர். அக்காள் அவரோடு எப்படித்தான் குடித்தனம் பண்ணினாளோ, மாதாவுக்கே வெளிச்சம்.

மூக்கையா அதற்கு நேர் எதிர். மேலே தேயிலைத் தோட்டத்தில் தப்புப்பறை அடிக்கிறவன். விடியுமுன்னே தொழிலாளர் குடியிருக்கிற லயம் லயமாக நடந்து தப்படித்து ஆட்களை எழுப்பிப் பிரட்டுக்குக் கூட்டுவான். பிரட்டுக்களத்தில் எல்லோரும் வந்து நின்று பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிகிற வரைக்கும் அடி ஓயாது. கலியாணம், திருவிழா, சாவு, எதுவானாலும் அவன் தப்புத்தான். தடித்த ஆள். கித்துள் கள் குடிப்பான். வாயைத் திறந்தால் புளுகு. ஒரு சிறுத்தையைத் தப்படித்தே தூங்கவைத்ததாகச் சொல்வான். "போடா புளுகா" என்றால், "அது இன்னும் எந்திரிக்கலங்க, வேணும்னா போய்ப் பாத்துட்டு வாங்க" என்பான்.

இரண்டு பேரும் சேர்ந்ததே ஒரு சண்டையில்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறோ இருபத்தேழோ இருக்கும். ஒரு நாள் காலையில் மூக்கையா தோளில் தப்போடு மலையிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தான்.

"என்னங்க, ஒங்க மாதாவுக்குத் தூக்கமே வராதா? நான் எழுப்புறதுக்கு முன்னாடி நீங்க மணியடிச்சுச் சனத்த எழுப்பிவிட்டா என் பொழப்பு என்னாகிறது? கோயில் மணியே போதும், தப்பு எதுக்குன்னு கங்காணி கேக்குறாரு!"

மச்சான் கொஞ்ச நேரம் யோசித்தார். "அது ஞாயந்தான். இனிமே நீங்க முதல்ல அடிங்க. ஒங்க சத்தம் கேட்டப்புறந்தான் நான் கயித்தத் தொடுவேன்" என்றார்.

சண்டைக்கென்று வரிந்துகட்டிக்கொண்டு வந்தவன் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் முற்றத்தில் நின்றான். தப்படிக்கிறவனை உட்காரச் சொல்கிற வழக்கம் அந்தக் காலத்தில் வேதக்காரர்களான எங்களிடமும் கிடையாது. வேதக்காரர் என்று பேர்தான். மச்சான் உள்ளே போய், வீட்டில் இருந்த ஒரே கதிரையைத் தூக்கிவந்து அவனுக்குப் போட்டார். அக்காள் முகம் சுண்டிப்போனது. வருஷம் திரும்புவதற்குள் அவளே மூக்கையாவுக்கென்று மீன்குழம்பு எடுத்துவைக்கத் தொடங்கினாள். அது வேறு கதை.

அன்றிலிருந்து ஒரு வழக்கமாகிவிட்டது. விடியலில் மேலே தப்புக் கேட்கும். அடித்து முடிக்கிற இடத்தில் மூக்கையா ஒரு சின்னத் துள்ளல் போடுவான். அது தோட்டத்துக்கு இல்லை, மச்சானுக்கு. அதைக் கேட்டதும் மச்சான் கயிற்றை இழுப்பார். வேலை முடிந்தால் அவன் இறங்கி வருவான். அவன் பேசுவான், இவர் கேட்பார். அவன் சொல்கிற புளுகுகளுக்கெல்லாம் இவர் உம் கொட்டிவிட்டுக் கடைசியில், "அது நடந்திருக்காது மூக்கையா" என்பார். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். என் மச்சான் சிரித்து நான் பார்த்ததெல்லாம் அந்த நேரங்களில்தான்.

மச்சானுக்கு அவன் கை அவ்வளவு பழகிப்போனது. மேலே சாவு அடி கேட்டால் செத்தது ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவார். கள் கொஞ்சம் ஜாஸ்தி என்றாலும் சொல்லிவிடுவார். ஒரு நாள் மூக்கையா காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, என்றும் இல்லாத மாதிரி சும்மா இருந்தான்.

"என்னடா, வாய்ல கொழுக்கட்டையா?" என்றேன்.

"இல்லங்க லூர்தம்மா. எல்லாச் சாவுக்கும் நான் அடிக்கிறேன். நான் செத்தா யாரு அடிப்பா? என் தப்ப ஒரு பய தொட்டதில்ல. தொட்டு அடிச்சான்னா அண்ணனுக்குத் தெரிஞ்சிரும், இது மூக்கையா கையில்லன்னு. அப்பிடி ஒரு நாளு வேற கை கேட்டா, நான் போயிட்டேன்னு வச்சுக்கங்கண்ணே."

"ஒனக்கு நான் மணியடிக்கிறேன்" என்றார் மச்சான்.

"நான் ஒங்க வேதமில்லையே. ஒங்க சாமி கோவிச்சுக்கமாட்டாரா?"

"நான் சொல்லிக்கிறேன்."

மூக்கையா தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வேர்க்கிறது என்றான். அன்றைக்கு நல்ல குளிர்.

முப்பத்துநாலாம் வருஷக் கடைசியில் அந்தக் காய்ச்சல் வந்தது. மலேரியா. கீழ்நாட்டுப் பக்கம் சனங்கள் குடும்பம் குடும்பமாக விழுந்தார்கள். எங்கள் மலைக்கு அது ஏறாது என்றுதான் இருந்தோம். மூக்கையா கீழே கெலிஓயாவில் ஒரு சாவுக்குத் தப்படிக்கப் போனான். திரும்பி வந்தவன் படுத்துவிட்டான். அவன் பெண்டாட்டி பாப்பம்மா கொத்தமல்லியும் சுக்கும் வாங்க அடிக்கடி கீழே இறங்கி வருவாள். "நடுங்குறாருங்க அக்கா, நாலு கம்பளி போத்தினாலும் நடுங்குறாரு" என்பாள். ஒரு மாதத்துக்கு மேல் மேலிருந்து விடியல் தப்பே இல்லை. கங்காணி ஆள் விட்டுக் கதவு கதவாகத் தட்டி ஆட்களை எழுப்பினார். மச்சான் தினமும் இருட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்துவிட்டு, விடிந்தபிறகு மணியடித்தார்.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். அன்று பகல் முழுக்கப் பனிமூட்டம். கோயில் வாசலில் நின்றால் ரோடு தெரியவில்லை. மத்தியானச் சோறு ஆக்கி இறக்கும்போது மேலே தப்புக் கேட்டது. சாவு அடி. மச்சான் கையில் இருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டார்.

எனக்கே அந்த அடி ஒருமாதிரி இருந்தது. தட்டுத் தடுமாறி, நடுவில் நின்று, மறுபடி தொடங்கி. ஒரு குழந்தை தட்டுகிற மாதிரி. கடைசியில் துள்ளலும் இல்லை.

"அது மூக்கையாவோட தப்பு. ஆனா அவன் கையில்ல" என்றார் மச்சான். முகம் வெளுத்துவிட்டது. "யாரோ அவன் தப்ப எடுத்துட்டாங்க லூர்து."

நானும் நம்பினேன். யார்தான் நம்பமாட்டார்கள்? மச்சான் நேரே போய் மணிக் கயிற்றைப் பிடித்தார். சாமியாரைக் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. வாழ்நாளில் எதையும் யோசிக்காமல் அவர் செய்தது அது ஒன்றுதான். ஒவ்வொரு அடிக்கும் இடைவெளி விட்டு, நிதானமாக, அழுதுகொண்டே சாவுமணி அடித்தார்.

பாவி மகள் பாப்பம்மா அந்த நேரம் பார்த்துக் கீழ்க் கடையில் நிற்கிறாள். மணி கேட்டுக் கோயிலுக்கு ஓடி வந்தாள். "யாருங்கண்ணே? யாருக்கு அடிக்கிறீங்க?"

மச்சான் அவள் தலையில் கையை வைத்தார். "தங்கச்சி, மூக்கையா போயிட்டான்மா."

காலையில் நினைவில்லாமல் கிடந்த புருஷனை விட்டுவிட்டு வந்தவள். என்ன ஏது என்று ஏன் கேட்கப் போகிறாள்? கோயில் படியிலேயே விழுந்து மாரில் அடித்துக்கொண்டாள். கழுத்தில் கையை விட்டுத் தாலிக்கயிற்றை அறுத்தாள். அறுத்த கயிற்றைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தபடி மலை ஏறினாள். பனிக்குள் ஆள் மறைந்தபிறகும் அந்தக் குரல் மட்டும் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

மேலே போய்ப் பார்த்தால், மூக்கையா உட்கார்ந்து தப்படித்துக்கொண்டிருக்கிறான்.

செத்தது கங்காணியின் தாய்க் கிழவி. தப்பில்லாமல் எப்படித் தூக்குவது என்று கங்காணி ஆள் விட்டுக் காய்ச்சல்காரனைக் கம்பளியோடு தூக்கிவரச் செய்திருக்கிறார். நிற்க முடியாமல், தப்பை மடியில் வைத்து, நடுங்குகிற கையால் அடித்திருக்கிறான். அவன் கைதான். காய்ச்சல் அதை வேறு கையாக்கி வைத்திருந்தது. பாப்பம்மா அவனைக் கண்ட இடத்திலேயே வீரிட்டுக் கீழே விழுந்தாள். கூட்டம் அவள் கையில் இருந்த தாலிக்கயிற்றைப் பார்த்தது. எழுந்து விலகியது.

இது ஒரு சிரிப்புக் கதையாக முடிந்திருக்க வேண்டியது. முடியவில்லை. சாவுமணி அடித்தாகிவிட்டது, பேர் சொல்லியாகிவிட்டது, பெண்டாட்டி தாலி அறுத்து ஒப்பாரி வைத்தாகிவிட்டது. ஒரு மனிதனுக்குச் சாவில் இதற்குமேல் என்ன பாக்கி? அந்த வாரமே லயத்தில் காய்ச்சலில் இன்னும் சிலர் போனார்கள். செத்தவன் தப்படித்துக் கூப்பிடுகிறான் என்று பேச்சுக் கிளம்பியது. விடியலில் தப்படிக்கிற வேலை வேறு ஒருவன் கைக்குப் போனது. மூக்கையா தொட்ட பீலிக் குழாயில் யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை. அவன் நடந்து வந்தால் பெண்கள் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள். பாப்பம்மா தன் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். "அவரு மாதிரிதான் இருக்காரு. ஆனா என்னன்னு தெரியலக்கா, பயமா இருக்கு" என்று என்னிடம் சொல்லி அழுதாள். அறுந்த கயிற்றை எறியவும் மனமில்லாமல், கட்டவும் வழியில்லாமல் மடியில் முடிந்து வைத்திருந்தாள்.

கொஞ்சம் தேறியதும் மூக்கையா தோளில் தப்போடு கோலூன்றிக் கீழே வந்தான். பாதி ஆளாக இளைத்துப் போயிருந்தான். வாய் மட்டும் இளைக்கவில்லை.

"சந்தியாகண்ணே! ஒங்க மணியில நான் செத்துட்டேனாம்ல? செத்தவனுக்குக் காப்பி உண்டா, இல்ல அதுவும் கெடையாதா?"

நான் சிரித்துவிட்டேன். அழுகையும் வந்தது. மச்சான் சிரிக்கவில்லை. வாசலில் நின்று அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, சேசுவே, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

கதிரையைப் போட்டார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவன் காப்பி குடிக்கும்போது தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் அவன் நிழல் விழுகிறதா என்று பார்த்ததையும் நான் கண்டேன். மூக்கையாவும் கண்டிருப்பான். கண்டுகொள்ளாத மாதிரி, ஆஸ்பத்திரிக் கொயினா மருந்து எப்படிக் கசந்தது என்று ஒரு புளுகை எடுத்துவிட்டான். மச்சான் உம் கொட்டவில்லை.

"மூக்கையா, தப்ப அடிச்சுக் காட்டு" என்றார்.

அவன் தோளிலிருந்து இறக்கி, தோல் விறைக்க அடுப்புச் சூட்டில் காய்ச்சி எடுத்து, விடியல் அடியைத் தொடங்கினான். கை நடுங்கியது. அடி வழுக்கி வழுக்கி விழுந்தது. துள்ளலுக்கு வந்தபோது குச்சி கையிலிருந்து நழுவிப் போனது. "இன்னும் தெம்பு வரலண்ணே" என்று சிரித்தான். மச்சான் பேயறைந்தவர் மாதிரி எழுந்து கோயிலுக்குள் போய்விட்டார்.

அவன் போனபிறகு நான் பிடித்துக்கொண்டேன். "மச்சான், ஒங்களுக்குக் கிறுக்கா? காய்ச்சல் வந்த கை நடுங்காம என்ன செய்யும்?"

"பேச்சு அவன் பேச்சுத்தான். சிரிப்பும் அவன் சிரிப்புத்தான். கை அவன் கையில்ல லூர்து. ஒம்போது வருஷம் இருட்டுல முகமே தெரியாமக் கையை மட்டுந்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். எனக்குத் தெரியும்."

"என்னத்தத் தெரியும்? அன்னிக்கும் இப்பிடித்தான் தெரியும்னு மணியடிச்சீங்க!"

 அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. சாமியார் வந்து, பிற மதத்தானுக்கு மணியடித்ததற்குக் கண்டபடி ஏசினார். அதுகூட அவர் காதில் ஏறவில்லை. "அவன் செத்தது உண்மைன்னா, அவன் உருவத்துல வந்து காப்பி குடிச்சது யாரு?" என்று என்னையே கேட்டார். அந்தப் பனிமூட்டத்தில், அந்த வீட்டில், அவரோடு இருந்து எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. ஒரு நாள் ரோட்டில் மூக்கையாவின் கோல் சத்தம் கேட்டு நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். பிறகு என் தலையில் நானே குட்டிக்கொண்டு போய் ஆப்பம் கொடுத்தேன்.

கடைசியில் தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரிதான் ஒரு வழி சொன்னார். மணியடித்தவரே வந்து அம்மன் முன்னால் கற்பூரத்தை ஏற்றி, "நான் தவறுதலா அடிச்சேன், இவன்தான் மூக்கையா" என்று சொல்லட்டும். சொன்னால் அங்கேயே பாப்பம்மா கழுத்தில் மறுபடி தாலி ஏறும். தப்படிக்கிற வேலையும் அவன் கைக்கு வரும். கங்காணியும் சரியென்றார். சந்தியாகு பொய் சொல்லமாட்டார் என்பது தோட்டத்துக்கே தெரியும். அவர் சொன்னால் நம்புவார்கள்.

"மச்சான், இவ்வளவுதான் வேலை. ஒரு வாய் சொல்லிட்டு வந்திருங்க" என்று நானும் அக்காளும் சொன்னோம். மச்சான் தலையாட்டினார். ஏறினோம்.

பொழுது சாய்கிற நேரம். பிரட்டுக்களத்துக்கு மேலே உள்ள கோயிலில் தோட்டமே திரண்டிருந்தது. பனி வந்து வந்து ஆட்களை மறைத்தது. மூக்கையா குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டி கட்டிக் கைகட்டி நின்றான். அந்தப் பக்கம் பாப்பம்மா, தங்கச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு. மச்சானைப் பார்த்ததும் மூக்கையா முகம் மலர்ந்தது. தப்பித்துவிட்டோம் என்று நினைத்தான், பாவம்.

பூசாரி கற்பூரத்தட்டை நீட்டினார். மச்சான் ஏற்றினார். "சொல்லுங்க" என்றார் கங்காணி.

மச்சான் மூக்கையாவைப் பார்த்தார். அவன் கட்டியிருந்த கைகளைப் பார்த்தார். அந்தக் கைகள் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தன. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. "சொல்லுங்க மச்சான்" என்று நான் பின்னாலிருந்து அவர் முதுகைக் கிள்ளினேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, உதடு துடிக்கிறது, வார்த்தை வரவில்லை. கற்பூரம் எரிந்து அடங்கியது. பூசாரி தட்டை இறக்கினார். கூட்டத்தில் யாரோ ஒருத்தி, "ஆத்தா!" என்று அலறினாள்.

எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. அதற்குள் மூக்கையா பேசினான்.

"விடுங்க. அவர ஏன் போட்டு வதைக்கிறீங்க? அண்ணன் பொய் சொல்லமாட்டாரு. எல்லாரும் நல்லா இருங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தப்பைக் கோயில் வாசலிலேயே வைத்துவிட்டு இறங்கி நடந்தான். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விட்டது.

பாப்பம்மா நின்றாள். அவன் முதுகு பனியில் மங்குகிற வரை நின்றாள். பிறகு தங்கச்சியின் கையை உதறிவிட்டு, "பேயோ பிசாசோ, எம்புருசன்" என்று சொல்லி ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். ரோட்டுத் திருப்பத்தில் அவனை மறித்து, மடியிலிருந்த கயிற்றை எடுத்து நீட்டினாள். "கட்டு" என்றாள். அவன் கட்டினான். முடிச்சு விழவில்லை, விரல் நிற்கவில்லை. அவள் தானே பின்னால் கையை விட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். நான் இருவரையும் கும்பிட்டேன். வேறென்ன செய்ய? அப்படியே இறங்கிப் போனார்கள்.

பிறகு நான்கு வருஷம் அவர்களைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. என் அக்காள் அதற்குள் கண்ணை மூடினாள். மச்சான் மணியடித்துக்கொண்டுதான் இருந்தார். மரித்தோர் திருநாளில் எல்லோரும் தங்கள் தங்கள் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, அவர் அக்காளுக்கு ஒன்று ஏற்றிவிட்டு, கல்லறைச் சுவருக்கு வெளியே போய் வெறும் புல்தரையில் ஒன்று ஏற்றுவார். மூக்கையாவுக்காம். காற்றில் அணையும், மறுபடி ஏற்றுவார். உயிரோடிருப்பவனுக்கு இப்படிச் செய்யாதீர்கள், உருப்படமாட்டோம் என்று நான் கத்துவேன். "நான் அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் லூர்து, சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்னு" என்பார். சில நாள் அந்தியில் வாசலில் கதிரையைப் போட்டு எதிரே உட்கார்ந்திருப்பார். காலிக் கதிரைக்கு உம் கொட்டுவார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

முப்பத்தொன்பதில் ஒரு ஞானஸ்நானத்துக்காக நாவலப்பிட்டிக்குப் போனேன். ஸ்டேஷனில் கடலை விற்கிறவன் குரல் கேட்டது. "சூடான கடலை! ஒரு சிறுத்தை இதத் தின்னுட்டுத்தான் சைவமாயிருச்சு!"  மூக்கையா! கழுத்தில் கூடை. வேட்டி முனையைப் பிடித்தபடி மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, அவன் மூக்கு, அவன் முழி.

"லூர்தம்மா!" என்று ஓடி வந்தான். முதல் கேள்வி, "அண்ணன் சுகமா?"

"அவர் கெடக்கிறாரு. நீ வந்து ஒருதரம் மூஞ்சியக் காட்டுடா."

"அங்க நான் செத்தவனாச்சே" என்றான். சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நாளைக்கே அவரக் கூட்டிட்டு வாங்கம்மா. பாக்கணும்போல இருக்கு" என்றான்.

நான் வீட்டுக்கு வந்து மச்சானைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னேன். கண்ணால் பார்த்தேன், குழந்தை இருக்கிறது, பேய்க்குப் பிள்ளை பிறக்குமா என்று கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மறுநாள் நல்ல கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, கதவைப் பூட்டி, திரும்பிவந்து இழுத்துப் பார்த்துவிட்டு என்னோடு ரயிலேறினார். வழியெல்லாம் செபமாலை உருட்டினார். எனக்கு மனசு லேசாகிவிட்டது. இன்றைக்குத் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

மூக்கையா சட்டை போட்டு, தலைவாரி, குழந்தைக்குப் பொட்டு வைத்து வாங்குப் பலகை அருகே நின்றான். அருகே பாப்பம்மா. மச்சானைக் கண்டதும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.  இரண்டு கையையும் நீட்டினான்.

மச்சான் அந்தக் கைகளைப் பிடித்தார். இன்னும் நடுக்கம் போகாத கைகள். திருப்பிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். அப்படியே வெகுநேரம் வைத்திருந்தார். 

"கை சூடா இருக்கு" என்றார்.

"இருக்குங்கண்ணே, இருக்கு" என்றான் மூக்கையா.

மச்சான் அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு சிரித்தார். "நீங்க யாரோ என்னவோ தம்பி, நல்லா இருக்கணும். என் சிநேகிதன் ஒருத்தன் இருந்தான். அசல் ஒங்கள மாதிரியே. ஒங்களப் பாத்ததுல அவனையே பாத்த மாதிரி இருக்கு."

பாப்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் "மச்சான்!" என்று கத்திவிட்டேன். மூக்கையா என் பக்கம் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தான்.

"கேள்விப்பட்டிருக்கேங்க. ரொம்ப நல்ல மனுசனாமே" என்றான்.

"நல்லவன். ஆனா புளுகுவான்."

"இருந்திருந்தா ஒங்களப் பாக்க ஓடி வந்திருப்பாருங்க."

"வந்திருப்பான். கட்டாயம் வந்திருப்பான்" என்றார் மச்சான்.

கண்டிக்குப் போகிற ரயில் வந்து நின்றது. மூக்கையா கடலை கட்டி மச்சானின் கோட்டுப் பையில் வைத்தான். குழந்தையைத் தூக்கி, "பெரியப்பாவக் கும்பிடு" என்றான். மச்சான் அவள் நெற்றியில் சிலுவை வரைந்தார். ஏறி உட்கார்ந்தபிறகு ஜன்னலால் தலையை நீட்டி, "தம்பி, ஒங்க பேரக் கேக்க மறந்துட்டேனே" என்றார்.

"பேரு என்னங்க பேரு" என்றான் மூக்கையா. "தலைய உள்ள எடுங்க, ரயில் கெளம்பப் போகுது."